சான்றாவணம் ஏழு

திருவொற்றியூர் கோர்ட்டில் மூன்று விசிறியில் ஒன்று சுற்றுகிறது.
ரசாயன அறிக்கையும் ஸ்டான்லியின் சீட்டும் சேர்த்து ஆறு பக்கம்,
புதன்கிழமைக்குள் தமிழில் வேண்டும்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அடிக்குறிப்புக்குத் தனியாகக் கிடையாது.

எதிர்த்தரப்பு வக்கீலின் வாதம் பெயரைப் பற்றியது.
வியாசர்பாடி வார்னிஷ் கிடங்கில் எடுத்த பீப்பாயில்
மெத்தனால் என்று எழுதியிருக்கவில்லை,
‘உட் நாஃப்தா’ என்றுதான் இருந்தது,
ஆகவே அது வேறு சரக்கு, கனம் கோர்ட்டார் அவர்களே.
ஆகவே நிபுணர் இரண்டாம் பக்கம் முழுக்கப்
பழைய பெயர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்,
அடையாள அணிவகுப்பு மாதிரி.

மர ஸ்பிரிட். மர நாஃப்தா.
பைராக்சிலிக் ஸ்பிரிட்: கிரேக்கத்தில் தீ, பிறகு மரம்.
கட்டையை மூடிவைத்துச் சுட்டு
அது விட்ட மூச்சைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாய்ப் பிடித்தார்கள்.
கார்பினாலில் மரம் இல்லை, கரி மட்டும்.
எரிந்து முடிந்தால் அதுதானே மிச்சம்.

மெத்தில் என்பது இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒட்டவைத்தது.
மெத்து என்றால் மது. காதிலேயே உறவு தெரிகிறது.
ஹூலே என்றால் மரம்; இல்லை, காடு; இல்லை, விறகு.
தப்பான மரத்தை எடுத்துவிட்டீர்கள் என்று
பின்னால் வந்த பண்டிதர்கள் சொன்னார்களாம்.
அதற்குள் பெயர் காய்ந்து இறுகிவிட்டது.

மதுவையும் மரத்தையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன்:
மரத்துக் கள்.
உடனே அடித்தேன்.
நம் ஊரில் மரத்துக் கள் பனையிலிருந்து இறங்குவது,
வயிறு உப்பும், கண் போகாது.

மணலி ரோட்டில் என் ஆட்டோவை உரசிக்கொண்டு போகும்
டேங்கர் லாரிக்குள் இருப்பது எரிவாயுவில் செய்தது.
ஒரு சுள்ளிகூட அதில் கிடையாது.
பெயரில் மட்டும் ஒரு தோப்பு நிற்கிறது.

நான்காம் பக்கம். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிறது.
பள்ளிக்கூடத்தில் எறும்பு அமிலம் என்று படித்தோம்,
எறும்புக்கு லத்தீனில் ஃபார்மிகா.
மரம் உள்ளே போனது,
பின்னாலேயே எறும்பு ஏறியிருக்கிறது
பார்வை நரம்பின் கடைசி நுனிவரை.

இன்னொன்றும் எழுதியிருந்தது, இரண்டுமுறை படித்தேன்:
முறிவு மருந்து, நல்ல சாராயம்.
இரண்டும் ஒரே வாசலில் முண்டினால்
நல்லது முந்திக்கொண்டு கெட்டதை வெளியே நிறுத்துமாம்.
தேசப்பனுக்கு அதை மூக்குக் குழாயில் விட்டபோது
பதினெட்டு மணி நேரம் தாமதம்.

தேசப்பன், நாற்பத்தொன்று, அரசுத் தரப்புச் சாட்சி மூன்று.
கூண்டின் கட்டையைத் தடவித் தடவி ஏறினார்.
“பீப்பாய்ல இன்னா போட்டிருந்துச்சினு பாத்தியாப்பா?”
“பாத்தேன் சார். உட்டுனு படிச்சேன்.
மரந்தான, இன்னா பண்ணிடப் போவுதுனு...”

ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு
இரண்டு ராத்திரி போனது.
பார்வை போகுமுன் தெரிவது பனிவெளி என்று இருக்கிறது.
மார்கழி விடியலில் பைக் சீட்டின்மேல் நிற்கும் ஈரம்தான்
இங்கே பனி. அதில் யார் குருடானார்?

கூண்டில் அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார்:
“காசிமேட்ல ஐஸ் ஒடைக்கிற மிஷின் தெரியுமா?
அதும் வாய்ல மூஞ்ச வச்சா மாதிரி.
வெள்ள வெள்ளயா மேல வந்து அடிச்சிது.
கண்ண மூடினாலும் அடிச்சிது சார்.”

செவ்வாய் விடியற்காலை போய் நின்று பார்த்தேன்.
பாளம் உள்ளே விழுந்தது, பல் கடிக்கும் சத்தம்,
பிறகு தூள். புடவை நனைந்தது.
“ஓரமா நில்லுமா, வண்டி வர்து” என்றான் ஒருவன்.

பனிவெளியை அடித்துவிட்டு
ஐஸ் மிஷின் தூள் என்று எழுதிக் கொடுத்தேன்.
பெஞ்ச் கிளார்க் மெஹராஜ் மூலத்தோடு வைத்துப் பார்த்தார்.
“இது இதுல இல்லியே மேடம்?”
இல்லை என்றேன்.
முத்திரையை மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டே
கொஞ்ச நேரம் யோசித்தார்.